கோர்ட்டுக்கு முன் பேங்குக்குப் போங்கள்: மணவிலக்கும் கூட்டுக் கடனும்

தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, வீட்டுக் கடனை அவரே கட்ட வேண்டும் என்று கோர்ட்டிலேயே எழுதியாகிவிட்டது, என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டு வருபவர்களை, திருப்பூரிலும் பெருந்துறையிலும் கடன் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்கப் பார்த்தேன். பெரும்பாலும் பெண்கள். பனியன் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிறவர், பள்ளி ஆசிரியை, தறிக் கூலிக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவர் என்று எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள்தான். தீர்ப்பில் அப்படி எழுதியிருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த வழக்கில் பேங்க் ஒரு தரப்பாக இல்லையே. தீர்ப்பு உங்கள் இருவரையும் கட்டுப்படுத்தும், பேங்கைக் கட்டுப்படுத்தாது. பேங்கின் கோப்பில் இருப்பது கடன் வாங்கிய நாளில் இருவரும் போட்ட கையெழுத்து.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆவது பிரிவு. இருவர் சேர்ந்து கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டால், கடன் கொடுத்தவர் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "பாதி என் பங்கு, அதைக் கட்டிவிடுகிறேன், மீதியை அவரிடம் கேளுங்கள்" என்று பேங்கிடம் சொல்ல முடியாது. முழுவதையும் கட்டியவர் மற்றவரிடம் அவருடைய பங்கைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது தனி வழக்கு, தனிச் செலவு, தனி அலைச்சல்.

பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பேசி, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இனி ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை" என்று எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்தத் தாளைப் பேங்க் மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. உங்கள் கையெழுத்து இல்லாத கடன் உங்களுடையது இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் மண வாழ்க்கையின்போது வாங்கிய கடன் பொதுவாக இருவருக்கும் உரியதாகக் கருதப்படும். இங்கே அந்த முறை கிடையாது. அவர் தனியாக வாங்கிய தனிநபர் கடனுக்கும் அவருடைய கிரெடிட் கார்டு பாக்கிக்கும் வசூல் ஆட்கள் உங்கள் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றால், கையெழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியையே அழைக்கக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கடனே வாங்காத உங்களை எந்த நேரத்திலும் தொந்தரவு செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை. "அப்பன் கடன் பையன் தலையில் விடியுமே" என்று பேரனை நினைத்துக் கலங்கும் அமுச்சிகளுக்கும் ஒரு வார்த்தை: 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வாங்கப்பட்ட கடனுக்கு, மகன் என்ற காரணத்துக்காக மட்டும் அவனைப் பொறுப்பாக்க முடியாது.

என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிவு செய்து வைக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் இருக்கும். நீங்கள் இணைக் கடன்தாரராக இருப்பதும் ஜாமீன்தாரராக இருப்பதும் அதில் தெரியும். எப்போதோ சமையலறை மேடையில் வைத்து "இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று வாங்கிய கையெழுத்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரியவரும்.

அறிக்கையில் வராதவையும் உண்டு. கைமாற்று, புரோநோட்டு, சீட்டு, அடகுக் கடை. இவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பெயரில் இருக்கும் செக் புத்தகங்களை எடுத்து, எந்த எண் செக் எங்கே போனது என்று எழுதிப் பாருங்கள். வீடு, மனை, தோட்டத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பத்திரத்தைப் பேங்கில் ஒப்படைத்துப் பதிவு செய்த அடமானம் அதில் இருக்கும்.

பிறகு ஒவ்வொரு கடனுக்கும் அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கி, உங்கள் கையெழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். "நான் கடன் வாங்கவில்லை, ஜாமீன்தான் போட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் கேட்டுவிட்டுப் பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் பேங்குக்கு இல்லை.

மாமனார் தோட்டத்துப் பத்திரம்

மாப்பிள்ளை தறி போடுவதற்கோ, நிட்டிங் மெஷின் இறக்குவதற்கோ, போர்வெல் வண்டி வாங்குவதற்கோ பெண்ணின் அப்பா தன் பத்திரத்தைக் கொடுத்திருப்பார். நம் பக்கத்தில் சீர் கொடுப்பதோடு இதுவும் சேர்ந்தே நடக்கும், யாரும் கணக்கில் வைப்பதில்லை. மகள் பிரிந்து வந்துவிட்டாள், ஆனால் அப்பாவின் பத்திரம் மாப்பிள்ளையின் ஓ.டி. (ஓவர் டிராஃப்ட்) கணக்குக்கு அடமானமாக அங்கேயே இருக்கிறது. வக்கீல் எழுதும் மனுவில் ஜீவனாம்சம் வரும், குழந்தை வரும், நகை வரும். இந்தப் பத்திரம் வராது. ஏனென்றால் அப்பா அந்த வழக்கில் இல்லை.

அப்பா உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓ.டி., கேஷ் கிரெடிட் போலத் தொடர்ந்து எடுத்துப் போடும் கடனுக்குக் கொடுத்த ஜாமீனை, இனி வரும் எடுப்புகளுக்குப் பொருந்தாது என்று எழுத்தில் தெரிவித்து நிறுத்தலாம். அதற்கு இடம் தருவது ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆவது பிரிவு. ஏற்கனவே எடுத்த பாக்கிக்குப் பொறுப்பு இருக்கத்தான் செய்யும். பேங்க் படிவத்தில் இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு வரி இருக்கலாம், அதை வக்கீலிடம் காட்டுங்கள். எப்படியிருந்தாலும் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதம் கண்ணில் பட்டவுடன் மேலாளர் வரம்பைக் கூட்டத் தயங்குவார். பாதி வேலை அதிலேயே நடந்துவிடும்.

நிலம் விவசாய நிலமா என்பதையும் பாருங்கள். பேங்க் கோர்ட்டுக்குப் போகாமல் நேரடியாகச் சொத்தைக் கைப்பற்ற வழி தரும் 2002ஆம் ஆண்டுச் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதற்காக நிலம் தப்பித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், பேங்க் வழக்குப் போட்டு வரும். 20 லட்சமும் அதற்கு மேலும் என்றால் கோவையில் இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயம், அதற்குக் கீழே என்றால் சிவில் கோர்ட். பத்திரம் நிஜமாக வெளியே வர வேண்டுமானால், மாப்பிள்ளை வீட்டார் வேறு சொத்தைப் பதிலுக்கு வைக்க வேண்டும், அல்லது கடன் அடைய வேண்டும். பேச்சுவார்த்தையில் அப்பா பக்கம் வலு இருக்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக் கடன்

பரஸ்பர சம்மத மணவிலக்கில், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, மனு போட்டதற்கும் இரண்டாவது முறை ஆஜராவதற்கும் இடையே ஆறு மாதம் இடைவெளி இருக்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம், தகுந்த காரணம் இருந்தால் இதைத் தள்ளுபடி செய்யலாம் என்று தீர்ப்பளித்த பிறகு, எல்லோருக்கும் அவசரம். கூட்டுக் கடன் இருப்பவர்கள் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து. பேங்க் வேலை முடிய அந்த ஆறு மாதம் சரியாக இருக்கும். பெயர் நீக்கிய கடிதம் கைக்கு வந்த பிறகு இரண்டாவது ஆஜர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், யாரும் யாரையும் பிறகு துரத்த வேண்டியதில்லை.

வீட்டை ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். மாதத் தவணை 28,000 ரூபாய். இருவர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்த கடன் அது. ஒருவர் விலகுகிறார் என்றால் பேங்குக்கு அது புதுக் கடன் விண்ணப்பம் மாதிரிதான். இருப்பவரின் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, சிபில் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள். வருமானம் போதாது என்றால் மறுப்பார்கள், மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அப்போது அவருடைய அண்ணனோ அப்பாவோ இணைக் கடன்தாரராக உள்ளே வரலாம். ஒரு தொகையைக் கட்டி அசலைக் குறைக்கலாம். தவணைக் காலத்தை நீட்டலாம். வேறு பேங்கில் ஒருவர் பெயரில் மட்டும் கடன் வாங்கி இதை அடைக்கலாம். மாறும் வட்டியில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது. யாராவது கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தர மாட்டார்கள்.

இதில் வரிசை முக்கியம். நான் பார்த்ததிலேயே மிக மோசமான நிலை, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடனிலிருந்து பெயரை எடுக்கப் பிறகு வருவது. சொத்தில் பங்கு போய்விட்டது, கடனில் கையெழுத்து அப்படியே இருக்கிறது. வீடு அவருக்கு, பொறுப்பு இருவருக்கும். ஒரு பெண் சூலூரில் புது வீட்டுக்குக் கடன் கேட்டு வந்தபோதுதான், முன்னாள் கணவர் நாலைந்து தவணை கட்டாமல் விட்டது அவருடைய சிபிலில் தெரிந்தது. "அம்மிணி, அங்கே விடுதலை எழுதிக் கொடுத்தாயே, இங்கே விடுதலைக் கடிதம் வாங்கினாயா?" என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே முதலில் இருவரும் சேர்ந்து பேங்குக்கு எழுத்தில் விண்ணப்பம். பிறகு பேங்கின் எழுத்து மூலமான சம்மதம், அதில் விலகுபவரின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். அதன் பிறகே சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம். பேங்கின் தடையின்மைக் கடிதம் கையில் இருக்கட்டும். அதே நாளிலோ மறுநாளிலோ புதிய கடன் ஒப்பந்தமும் அடமானப் புதுப்பிப்பும். கடைசியாக, "இன்னார் இந்தக் கடன் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்ற கடிதம். கணவன் மனைவியாக இருக்கும்போதே விடுதலை எழுதினால் குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத் தீர்வைச் சலுகையைக் கேட்கலாம். தீர்ப்புக்குப் பிறகு அந்த உறவு இல்லை. ஆறு மாத இடைவெளியை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாராலும் தனியாகக் கட்ட முடியாது என்றால் விற்றுவிடுங்கள். வாங்குபவரின் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போய், மீதியை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று முன்பே எழுதி வையுங்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் தம்பதிகளுக்குத் தவணை காத்திருப்பதில்லை. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக் கடன், அதன் பிறகு 60 நாள் நோட்டீஸ். அந்த நோட்டீஸ் போவது கடன் வாங்கியபோது கொடுத்த முகவரிக்கு. நீங்கள் அந்த வீட்டை விட்டு வந்து வெகு நாளாகியிருக்கும். வீட்டை விட்டு வந்த வாரமே புது முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எல்லாக் கடன் கணக்கிலும் மாற்றுங்கள்.

மனைவி பெயரில் கம்பெனி

திருப்பூரில் இது சாதாரணம். ஜாப் ஒர்க் யூனிட் மனைவி பெயரில், ஜி.எஸ்.டி. மனைவி பெயரில், ஓ.டி. மனைவி பெயரில், நடத்துவது கணவர். தனி உரிமையாளர் நிறுவனத்தின் கடன் முழுக்க உரிமையாளருடையது. "எனக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பதை நூல் கடைக்காரரும் கேட்க மாட்டார், வரி அலுவலகமும் கேட்காது. ஓ.டி. கணக்கில் இனி எடுப்பு வேண்டாம் என்று அன்றே கடிதம் கொடுங்கள். அவருக்குக் கொடுத்த கையெழுத்து அதிகாரத்தை ரத்து செய்யுங்கள். தொழிலை அவர் எடுத்துக்கொள்வதானால் அவர் பெயரில் புது ஜி.எஸ்.டி. எடுத்துச் சரக்கையும் மெஷினையும் பில் போட்டு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பதிவை ரத்து செய்ய ரெக் 16 படிவம், ரத்தான மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர். 10 என்ற இறுதிக் கணக்கு. இந்த இரண்டாவதை ஆடிட்டர் அலுவலகங்களே மறந்துவிடுவதுண்டு.

கூட்டு நிறுவனம் (பார்ட்னர்ஷிப்) என்றால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி நீங்கள் விலகிய பிறகும், பொது அறிவிப்பு வரும்வரை வெளியாருக்குப் பொறுப்பாகவே இருப்பீர்கள். பதிவு பெற்ற நிறுவனமானால் நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வர வேண்டும். கூட்டு ஒப்பந்தத்தில் பேசி விலகியதோடு நின்றுவிடாதீர்கள்.

கையெழுத்திட்ட வெற்று செக்குகள்தான் என்னைத் தூங்க விடாதவை. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வழக்கு அதில் கையெழுத்துப் போட்டவர் மீதுதான். கூட்டுக் கணக்காக இருந்தாலும், கையெழுத்திடாத மற்றவர் மீது வழக்கு நிற்காது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, உங்கள் கையெழுத்து இருந்தால் நீங்கள் மட்டும் நிற்பீர்கள். எண்களைக் குறித்து அவருக்கு வக்கீல் மூலம் கடிதம் அனுப்பித் திருப்பிக் கேளுங்கள். பேங்கில் பணம் தர வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, அப்படித் திரும்பும் செக்குக்கும் வழக்கு வரும்.

நகை, வண்டி, சீட்டு

உங்கள் நகை அவர் பெயரில் அடகில் இருந்தால், நகை உங்களுடையது, கடன் அவருடையது. சீதனம் மனைவியின் தனிச் சொத்து என்று 1985இலும், அவசரத்துக்குக் கணவர் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் சொசைட்டியோ பேங்கோ நகையைத் தருவது அடகுச் சீட்டில் பெயர் உள்ளவரிடம் மட்டும். ஏல நோட்டீசும் அவருக்குத்தான் போகும். ஆகவே நகை பில், கல்யாணப் புகைப்படம், எடை விவரம் ஆகியவற்றோடு, இது என் சீதனம், ஏலத்துக்கு முன் எனக்குத் தெரிவிக்கவும் என்று கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகையை மீட்கும் நாளையும் மனுவில் எழுதி, அன்று இருவரும் சேர்ந்து போய் மீட்பது நல்லது.

லாரி, வேன் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் தவணையைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் காலாவதியாகி விபத்து நடந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபைனான்ஸ் சம்மதத்தோடு படிவம் 29, 30 போட்டுப் பெயரை மாற்றுங்கள், கடன் அடைந்திருந்தால் ஃபைனான்ஸ் பெயரை நீக்கப் படிவம் 35.

சீட்டில் அவர் எடுத்த தொகைக்கு நீங்கள் ஜாமீன் என்றால் கடைசித் தவணை வரை பொறுப்புத்தான். புரோநோட்டின் பேரில் வழக்குப் போடக் காலக்கெடு மூன்று ஆண்டு. இருவரும் கையெழுத்திட்ட நோட்டில் அவர் ஒரு தொகை வட்டி கட்டியதால் மட்டும் உங்களுக்கு எதிராக அந்தக் கெடு புதுப்பிக்கப்படாது. ஆகவே "பழைய நோட்டுத்தான், புதுப்பித்துக் கொடுங்கள்" என்று யார் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனுவில் என்ன எழுதுவது

"கடன்களைக் கணவர் பார்த்துக்கொள்வார்" என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. கடன் கணக்கு எண், எந்தக் கிளை, எந்தத் தேதியில் எவ்வளவு பாக்கி, யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் மற்றவர் பெயரை நீக்குவது, அதுவரை மாதாமாதம் ரசீது அனுப்புவது, தவறினால் மற்றவர் கட்டிய தொகையை வட்டியோடு எத்தனை நாளில் திருப்புவது என்று எழுதுங்கள். கெடுவுக்குள் பெயர் நீங்காவிட்டால் வீட்டை விற்க இருவரும் சம்மதம் என்ற ஒரு வரியும் வேண்டும். இப்படி இருந்தால், அவர் தவறும்போது புது வழக்குப் போடாமல் அதே தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனு போடலாம். ஜீவனாம்ச வழக்கில் இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அவர் அதில் எழுதும் கடன் பட்டியலை உங்கள் கடன் அறிக்கையோடு வைத்துப் பாருங்கள்.

அவர் கட்டாமல் விட்டால் நீங்கள் கட்ட வேண்டுமா? உங்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் எந்தக் கடனும் வேண்டியிருந்தால், கட்டிவிடுங்கள், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, ரொக்கமாக இல்லாமல். திருப்பிக் கேட்க அந்தப் பதிவுதான் ஆதாரம். கோபத்தில் விட்டுவைப்பவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் சிபிலுக்கு அந்தக் கோபம் தெரியாது.

கூட்டுச் சேமிப்புக் கணக்கில் "இருவரில் ஒருவர்" என்ற ஏற்பாடு இருந்தால், இனி இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று ஒருவரே எழுதிக் கொடுக்கலாம். தவணை அதிலிருந்து பிடிக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கடன் அடைந்ததும் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் இருவர் பெயரில் உள்ள வீட்டுப் பத்திரத்தை ஒருவரிடம் தனியாகத் தர எந்தக் கிளையும் தயங்கும். யார் வந்து பெற்றுக்கொள்வது என்பதையும் மனுவிலேயே எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை இன்றைக்கே கடன் கோப்பில் சேர்க்கச் சொல்லி முத்திரை வாங்கி வையுங்கள்.